நெட்டையனுக்கு இடம் எங்கே?

மயிலாப்பூரில் ஒரு வீட்டுப் பிள்ளை கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்டால் போதும். அவனுக்கு உத்தியோகம் கொடுக்கும் உரிமை ஊராருக்கெல்லாம் வந்துவிடுகிறது. பரண்மேல் இருக்கும் பித்தளை அண்டாவை இறக்குவதற்கு அவன். விளக்கு மாற்றுவதற்கு அவன். அறுபத்து மூவர் உற்சவக் கூட்டத்தில் தவறிப்போன அத்தையைத் தேடிப் பிடிப்பதற்கும் அவன்தான். பள்ளிக்கூடத்திலோ கேட்கவே வேண்டாம். வகுப்பில் கடைசிப் பெஞ்சும், கூடைப்பந்தாட்டத்தில் கூடைக்கு அடியும் அவனுக்கென்றே பட்டா எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பட்டா செல்லுமா, செல்லாதா என்பதுதான் இந்த வாரத்து வழக்கு.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். வயது 14, உயரம் 6 அடி 1 அங்குலம். சென்ற வாரம் ஒரு மாலை மைதானத்தின் ஓரமாக நான் போய்க்கொண்டிருந்தபோது, அவனை நடுவில் நிறுத்திக்கொண்டு இருவர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். சம்பளம் நின்ற பிறகும் தினந்தோறும் மாலையில் விசிலும் கையுமாக வந்து நிற்பவர். மற்றவர் அடையாற்றிலிருந்து வரும் இளம் பயிற்சியாளர்.

"ஸார், நீங்கள் கணக்கு வாத்தியார். பாரபட்சமில்லாமல் சொல்லுங்கள்" என்று பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பகவான் இந்தப் பிள்ளைக்கு ஆறடி உயரம் கொடுத்திருக்கிறார். கூடைக்கு அடியில் நின்று, வருகிற பந்தைப் பிடித்துப் போட்டால் போதாதா? இவர் என்னடாவென்றால், நடு மைதானத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி வா என்கிறார். கோயில் யானையைக் கூப்பிட்டுக் கம்பிமேல் நடக்கச் சொல்வதுபோல் அல்லவா இருக்கிறது?"

"பெரியவர் சொல்வது அந்தக் காலத்து ஆட்டம், ஸார்" என்றார் இளைஞர். "இப்போது கூடைக்கு அடியிலேயே நிற்கிற சென்டருக்கு வேலை கிடையாது. ஐந்து பேரும் வெளியே நின்று மூன்று புள்ளிக்கு வீசுகிறார்கள்."

நான் தீர்ப்பை ஒத்தி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நியாயாதிபதி என்று உட்கார்ந்த பிறகு வழக்கின் பூர்வோத்தரத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?

இந்த விளையாட்டு நம் ஊருக்குப் புதியதல்ல. 1891 டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் பழக் கூடைகளை ஆணியடித்து இதை ஆரம்பித்தார். அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தியாகராய நகரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், நந்தனத்து மரங்களுக்கிடையே அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது.

கூடை 10 அடி உயரத்தில் இருக்கும்போது நெட்டையனுக்குச் சலுகை உண்டு என்பது வெளிப்படை. அந்தச் சலுகையைக் குறைப்பதற்கென்றே அமெரிக்காவில் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டார்கள். கூடைக்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. தாக்குகிற அணியினர் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் தங்கக்கூடாது. 6 அடி 10 அங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன் என்பவரை அடக்க முடியாமல் 1951-ல் அந்தக் கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் சேம்பர்லேன் என்ற இன்னொரு மலை வந்து சேர்ந்த பிறகு, 1964-ல் 16 அடியாக்கினார்கள். அப்படியும் நெட்டையர் ஆட்சி ஓயவில்லை. அதை அசைத்தது வேறொரு கோடு. தூரத்திலுள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்ற விதி அமெரிக்கத் தொழில்முறைப் பந்தயங்களில் 1979-லும், சர்வதேசப் பந்தயங்களில் 1984-லும் வந்தது. நம் பிள்ளைகள் ஆடும் சர்வதேச விதிப்படி அந்தக் கோடு இப்போது 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இங்கேதான் கணக்கு வாத்தியாருக்கு வேலை. கூடைக்குச் சற்று அருகில், முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, திரும்பிப் போடும் நெட்டையன் 120 தடவை போடுகிறான். பாதி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பந்து, 120 புள்ளி. கோட்டுக்கு வெளியே நிற்கும் குட்டையன் அதே 120 தடவை வீசுகிறான். மூன்றில் ஒன்றுதான் விழுகிறது. 40 பந்து, அதுவும் 120 புள்ளி! இரண்டில் ஒன்று விழுவதும் மூன்றில் ஒன்று விழுவதும் சமம் என்று ஆகிவிட்ட அன்றைக்கே பழைய பட்டாவுக்கு வில்லங்கம் வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய தொல்லை இட நெருக்கடி. நெட்டையன் அடியில் நின்றால் அவனுக்குக் காவலாக எதிரணி நெட்டையனும் அங்கேயே நிற்பான். நம்முடைய மற்ற நால்வரில் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைய நினைத்தால், மார்கழி மாதத்து மாட வீதியைப்போல் வழி அடைபட்டிருக்கும். அடியில் நிற்பவன் வெளியே வந்து நின்றால், காவல்காரனும் கூடவே வெளியே வரவேண்டும், வாசல் திறக்கும்.

2015-ம் வருஷம் இந்தத் தத்துவம் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் இறுதிப் போட்டித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணி, நான்காவது ஆட்டத்தில் தன்னுடைய 7 அடிச் சென்டரை ஆரம்ப ஐவரிலிருந்து விலக்கிவிட்டுக் குட்டையர்களை இறக்கிற்று. எதிரணியான கிளீவ்லாந்தில் மோஸ்காவ் என்ற 7 அடி ஆசாமி அன்று தனியாகவே 28 புள்ளி எடுத்தார். ஆனால் ஆட்டம் 103-க்கு 82 என்று கிளீவ்லாந்துக்குத் தோல்வி. அவர் போட்டதைவிட, அவரால் துரத்த முடியாத குட்டையர்கள் அதிகம் போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் அவர் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஜூன் 16-ல் கோல்டன் ஸ்டேட் கோப்பையை வாங்கிற்று.

அதற்குச் சரியாக ஒன்பது நாள் கழித்து, ஜூன் 25-ல், பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங் பாமராவை டல்லஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்தவர்களில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல்வர் அவர். விவசாயியின் மகன், வயது 19, உயரம் 7 அடி 2 அங்குலம், நிறை ஏறக்குறைய 290 ராத்தல். தேசமே குதூகலித்தது, நானும் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அந்தச் செய்தியைச் சொன்னேன். ஆனால் டல்லஸின் பிரதான அணிக்காக அவர் ஒரு பந்தயத்தில்கூட இறங்கவில்லை. அதன் துணை அணியில் இரண்டு வருஷம் இருந்தார். சில காலத்துக்குப் பின் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அவருடைய உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 14 வயதில் பாஷை தெரியாத தேசத்துக்குப் போன பிள்ளை அவர். ஆனால் பழைய பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்ற சமயம், வீட்டுக்காரர்கள் அந்த அறையையே இடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் இளைஞர் கட்சிதான் ஜயித்தது என்று நேயர்கள் அவசரப்பட வேண்டாம். 2020-ல் ஹூஸ்டன் அணி தன் சென்டரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, 6 அடி 5 அங்குல மனிதரை அந்த ஸ்தானத்தில் வைத்து ஆடிப் பார்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அணி அவர்களை ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு 2023-ல் கோப்பையை வாங்கிய டென்வர் அணியின் நடுநாயகம் யார்? நிகோலா யோகிச் என்ற 6 அடி 11 அங்குல ஸெர்பியர்! 2014-ல் 41-வது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் வேகமாக ஓடுபவரும் அல்ல, உயரத் தாவுபவரும் அல்ல. ஆனால் வெளியே வந்து நின்று, எவன் எங்கே ஓடுகிறான் என்று பார்த்து, அவன் கையில் பந்தைக் கொண்டுபோய் வைக்கிறார். காவல்காரன் தள்ளி நின்றால் தூரத்திலிருந்து வீசுகிறார். நெருங்கி வந்தால் உள்ளே புகுகிறார்.

என் கணக்கிலேயே ஒரு மூன்றாவது வரி உண்டு. வளையத்தின் வாயிலேயே பந்தை வைத்துப் போடும் வீச்சில் 120-க்கு 80 விழுந்தால் 160 புள்ளி! அதற்கு ஈடு ஒன்றுமில்லை. அதற்கு உயரம் வேண்டும். ஆகவே நெட்டையனுக்கு வேலை போய்விடவில்லை. அவன் அங்கேயே குடியிருந்த காலம் போய்விட்டது. வெளியே நின்று தோழனுக்கு மறைப்புக் கொடுத்து, சரியான சமயத்தில் அங்கே ஓடி வந்து சேர வேண்டிய காலம் வந்திருக்கிறது.

இதெல்லாம் அமெரிக்காவின் கதைதானே என்று கேட்கலாம். நம் ஊர்க் கதையும் இருக்கிறது. கேரளத்தில் பிறந்து, சென்னையில் தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து, இந்திய மகளிர் அணியின் தூணாக நின்றவர் கீது அன்னா ஜோஸ். 6 அடி 2 அங்குலம். நம் நாட்டில் அவர் சென்டர். 2011-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், ஸான் ஆண்டோனியோ ஆகிய மூன்று அமெரிக்க அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. ஒப்பந்தம் கைகூடவில்லை. அப்போது சிகாகோ அணியின் சென்டராக இருந்த ஸில்வியா பௌல்ஸ் 6 அடி 6 அங்குலம்! பெரம்பூரில் மலையாக இருப்பவர் சிகாகோவில் குன்றாகிவிடுகிறார். உயரம் என்பது சொந்த ஆஸ்தி அல்ல. பக்கத்தில் நிற்பவனைப் பொறுத்தது.

மறுநாள் மாலை என் தீர்ப்பைச் சொன்னேன். பந்தயத்தில் தேவைப்பட்டால் பையன் அடியில் நிற்கட்டும், பயிற்சியில் நிற்கக்கூடாது. பந்து தட்டவும், தூரத்திலிருந்து வீசவும், பார்த்துக் கொடுக்கவும் குட்டையர்களோடு சேர்ந்து அவனும் கற்க வேண்டும். 14 வயதில் ஆறடி இருப்பவன் 18 வயதிலும் அதே ஆறடியாக நின்றுவிடக்கூடும். அன்றைக்கு அவனைக் கூடைக்கு அடியிலிருந்து எழுப்பிவிட்டால், போவதற்கு அவனுக்கு வேறு இடம் வேண்டாமா?

பெரியவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான், ஸார்" என்றார் பிறகு. "எட்டாவதில் எல்லாரையும்விட நெட்டை. மூன்று வருஷம் அடியிலேயே நிறுத்தி வைத்தேன்; மூன்று வருஷமும் கோப்பை. பதினொன்றாவதில் மற்றவர்களெல்லாம் அவன் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். அவனுக்குப் பந்தைத் தட்டத் தெரியவில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வருஷமே ஆட்டத்தை விட்டுவிட்டான். கோப்பைகள் மட்டும் பள்ளியில் இருக்கின்றன."

இளைஞர் ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்துப் பையனிடம் கொடுத்தார். பையன் கோட்டுக்கு வெளியே போய் நின்று, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினான். பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. மதில் சுவரைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. மற்றப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பெரியவர் விசிலை ஊதிச் சிரிப்பை அடக்கினார். தாமே வெளியே போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பையன் கையில் கொடுத்து, "முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. இன்னொரு தரம் போடு" என்றார்.