ரயில் இல்லாத ஊர்ல ரயில் விளையாட்டு எதுக்கு?

ஊருக்குப் போனா எல்லார்கிட்டயும் இதே கேள்வி. "பேங்க் ஆபீசர், நாற்பது தாண்டியாச்சு, பையனோட தரையில உட்கார்ந்து லெகோ ரயில் கட்டறியே, வெட்டி வேலை இல்லையா?"

இல்லைங்க. அந்தமான்ல ரயிலே கிடையாது. போர்ட் பிளேர்லேருந்து (2024லேருந்து ஸ்ரீ விஜயபுரம்) திக்லிபூருக்கு 240 கி.மீ. பாதைன்னு 2017ல பேசினாங்க. தண்டவாளம் இன்னும் வரலை. பையன் ரயில் பார்க்கறது லீவுக்குச் சென்னை போனாத்தான்.

அவன் கேட்டது நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி. அதுக்கு லெகோ செட் கிடையாது, நாமளே கணக்குப் போடணும். நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., லெகோ தண்டவாளம் சுமார் 37.5 மி.மீ. வகுத்தா 45ல ஒரு பங்கு. அப்போ 21 மீட்டர் பெட்டி 47 செ.மீ. ஆனா வளைவோட ஆரம் 32 செ.மீ.தான்! அவ்வளவு நீளப் பெட்டி திரும்பினா நடுவயிறு உள்பக்கம் பிதுங்கிப் பக்கத்துல இருக்கறதை இடிக்கும். நீளத்தைக் குறைக்கணும். எத்தனை ஜன்னலை எடுக்கறது? ரெண்டு நாள் சண்டை போட்டு அவனே முடிவு பண்ணினான். ட்யூஷன்ல ஏறாத விகிதக் கணக்கு தரையில ஏறிடுச்சு.

ஆயிரக்கணக்குல செட் வாங்கி, புஸ்தகம் பார்த்து ஒரே தடவை கட்டி, "தொடாதே"ன்னு ஷோகேஸ்ல பூட்டி வைக்கறீங்களே, அதுதாங்க வெட்டி. பிரிச்சுக் கொட்டுங்க. நீங்களும் கீழ உட்காருங்க.