புழு தின்று தீர்க்கும். பிரித்துக் கொடுப்பது யார்?

2023-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, கொச்சி நகரின் புறத்தே உள்ள பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. ஒரு நாள் எரிந்தது. இரண்டு நாள் எரிந்தது. ஒரு வாரம் கழிந்தும் எரிந்துகொண்டே இருந்தது. தீயணைப்புப் படை வந்தது. கடற்படை வந்தது. விமானப் படையின் ஹெலிகாப்டர் ஆகாயத்திலிருந்து தண்ணீரைக் கொட்டியது. கொட்டிய தண்ணீர் மேலே நின்றது; தீ குப்பையின் வயிற்றுக்குள்ளே கனன்றது. சுமார் 12 நாட்கள் கொச்சி மக்கள் பிளாஸ்டிக் புகையைச் சுவாசித்தார்கள். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அதன் பிறகு அதே பிரம்மபுரத்தில் நகரசபை ஒரு புதிய வழியைத் தேடியது. அடுப்படிக் கழிவையும் ஓட்டல் எச்சத்தையும் புழுவுக்குத் தீனியாகப் போட்டுத் தீர்ப்பது. அந்த ஆலைகளைத் தனியார் நிறுவனங்களைக் கொண்டு அமைப்பது. இதுதான் அந்த வழி.

"புழுவா!" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. "புழு வந்துவிட்டது, இனிக் குப்பைக் கவலை ஒழிந்தது" என்று துள்ளுகிறவர்களும் உண்டு. இரு தரப்பாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நாளைக்கு நம் ஊருக்கும் வரக்கூடிய விவகாரம். ஆகவே, தோழர்களே, கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்ப்போம்.

யார் இந்தச் சிப்பாய்?

இந்த ஈக்குக் கறுப்புச் சிப்பாய் ஈ என்று பெயர். மலையாளத்தில் இதன் புழுவைப் பட்டாளப் புழு என்கிறார்கள். பிறந்த மண் அமெரிக்கக் கண்டம்; இன்று வெப்ப நாடுகள் எல்லாவற்றிலும் பரவி வாழ்கிறது. எருக்குழியைக் கிளறியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

சோற்றுத் தட்டில் வந்து உட்காரும் ஈ வேறு, இந்த ஈ வேறு. வளர்ந்த சிப்பாய் ஈ நம் சோற்றைத் தேடி வருவதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வாரம் உயிர் வாழும், இணை சேரும், முட்டையிடும், மடிந்துவிடும். ஒரு பெண் ஈ 400 முதல் 800 முட்டை வரை இடுகிறது. நாலைந்து நாளில் குஞ்சுப் புழு வெளிவருகிறது. பிறகு இரண்டு வாரம் அதற்கு ஒரே வேலைதான்: தின்பது. அழுகிய தக்காளியா, ஊசிப்போன சோறா, மீன் செதிலா, எதையும் ஒதுக்காது. தின்று முடித்ததும் கறுத்து, ஈரத்தை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடித் தானாகவே ஏறி வெளியே வருகிறது. இந்தப் புழு மொய்த்த இடத்தில் வீட்டு ஈ முட்டையிடத் தயங்குகிறது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதனால் என்ன பலன்? நன்றாக நடத்தினால் போட்ட கழிவின் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. மிஞ்சுவது எருவுக்கு ஒப்பான சக்கை. அதை மேலும் சில நாள் பதப்படுத்தி வயலில் போடலாம். வளர்ந்த புழுவைக் காய வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம். ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு. கோழிக்கும் மீனுக்கும் தீவனம்.

அதே சோற்றைக் குப்பை மேட்டில் குவித்தால் என்ன ஆகும்? காற்றுப் படாமல் அழுகும். மீதேன் வாயு கிளம்பும். பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவை விடப் பல மடங்கு கொடியது அது, தீயும் பிடிக்கும். கீழே ஊறி மண்ணும் தண்ணீரும் கெடும். மேடு மலையாக வளரும். மலை ஒரு நாள் சரியும். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து, அடிவாரத்து ஏழை வீடுகளைப் புதைத்தது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குப்பையை உண்டாக்கியது நகரம் முழுவதும். செத்தவர்கள் குப்பையின் நிழலில் குடியிருந்த ஏழைகள்!

எனவே புழுவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் முதலில் குப்பை மேட்டைப் பார்க்கட்டும்.

துள்ளுகிறவர்களுக்கு ஒரு கணக்கு

இனி மறு தரப்பு. புழு வந்தால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு.

ஸ்விட்சர்லாந்தின் ஈவாக் ஆராய்ச்சி நிறுவனம் இந்தோனேசியாவில் இந்த முறையைக் கையாண்டு பார்த்து, 2017-ஆம் ஆண்டில் வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் உள்ள அளவு இது: ஒரு தட்டில் 10,000 குஞ்சுப் புழு, 12 நாளில் அவை தின்பது 15 கிலோ ஈரக் கழிவு.

பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 1 டன் கழிவு வந்தால் தினமும் 67 தட்டு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தட்டும் 12 நாள் இருக்க வேண்டும் என்பதால், எந்நேரமும் 800 தட்டு அடுக்கில் இருக்கும். தினமும் ஏறக்குறைய 7 லட்சம் குஞ்சுப் புழு வேண்டும். அதற்கு ஈக்கூண்டு வேண்டும். முட்டை சேகரிக்க ஆள் வேண்டும். நாளொன்றுக்கு 50 டன் ஆலை என்றால், இதே முறையில் 40,000 தட்டு! இயந்திரம் வைத்தால் தட்டின் அளவு மாறலாம். புழுவின் வயிறு மாறாது.

இத்தனையும் தூக்குவது யார், இறக்குவது யார், கழுவுவது யார்? புழு அல்ல. கூலிக்கு வரும் மனிதன்.

பிறகு, புழுவுக்கும் அளவு உண்டு. சாம்பாரும் ரசமுமாக மிதந்தால் மூச்சு முட்டிச் சாகும். நீரை வடிக்க வேண்டும். வாழையிலையும் தேங்காய் மட்டையும் அதற்கு எளிதில் செரிப்பதில்லை. சுமார் 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் அதற்கு ஏற்றது. தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வைத்தால் தட்டை விட்டு ஓடும், அல்லது வெந்து போகும். அளவுக்கு மேல் தீனி போட்டால் தின்னாத கழிவு அழுகி, ஊர் நாறும். இது கண்ணும் கருத்துமாக ஆள் நின்று செய்ய வேண்டிய தொழில். கதவைப் பூட்டிவிட்டுப் போகிற வித்தை அல்ல.

பேட்டரியைத் தின்னுமா புழு?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்விக்கு வருவோம். புழு சோற்றைத் தின்னும். பிளாஸ்டிக் பையைத் தின்னுமா? உடைந்த பல்பைத் தின்னுமா? ஊசியையும் பிளேடையும் தின்னுமா?

தின்னாது. அது மட்டுமா? குப்பையோடு பேட்டரிக் கட்டை கலந்திருந்தால், அதிலுள்ள காட்மியம் போன்ற உலோக நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்துவிடும். அந்தப் புழுவைக் கோழி தின்னும்; கோழியை நாம் தின்போம். நோய்க் கிருமிகளில் சிலவற்றைப் புழு குறைக்கிறது என்றாலும் அடியோடு ஒழிப்பதில்லை. வேக வைத்தோ சூடேற்றியோதான் தீவனமாக்க வேண்டும்.

ஐரோப்பாவில் என்ன செய்தார்கள்? புழுப் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க 2017-இலும், கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்க 2021-இலும் அனுமதி தந்தார்கள். ஆனால் ஓட்டல் எச்சத்தையும் வீட்டு எச்சத்தையும் அந்தப் புழுவுக்குப் போடக்கூடாது என்ற தடை அங்கே நீடித்தது. மாட்டு மூளை நோய் வந்து பட்ட பாட்டை அவர்கள் மறக்கவில்லை. ஆகவே அங்குள்ள ஆலைகள் தவிடும், காய்கறி ஆலைக் கழிவும் வாங்கிப் புழு வளர்த்தன. தவிடு ஏற்கெனவே மாட்டுத் தீவனம்! குப்பையை ஒழிக்க வந்த புழு, மாட்டின் வாயிலிருந்து தவிட்டைப் பிடுங்கத் தொடங்கியது. பிரான்சில் வண்டுப் புழு வளர்க்கப் பல கோடி யூரோ மூலதனம் திரட்டிய இன்செக்ட் என்ற நிறுவனம், 2024-இல் கடன் தாங்காமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடிப் போயிற்று. தீவனம் விற்றுக் கொள்ளை இலாபம் என்ற கனவு அப்படி முடிந்தது.

நாம் இதிலிருந்து அறிவது என்ன? புழு முறையின் முதல் பலன் குப்பை குறைவது. தீவன வருமானம் உபரி. உபரியை முதலாக வைத்துத் திட்டம் போட்டால் திட்டம் கவிழும். இலாபம் வரும் என்று சொல்லி நகரசபையிடம் நிலமும் பணமும் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பிரிக்கிற கை

ஆக, எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: பிரிப்பது. ஈரக் குப்பை வேறு, உலர் குப்பை வேறு, நச்சுக் குப்பை வேறு என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. விதி ஏட்டில் இருந்தது. வீட்டு வாசலில் எல்லாம் ஒரே வாளியில் இருந்தது. வாசலில் பிரிக்காததை வேறொருவர் பிரிக்க வேண்டும். யார் அவர்? விடியற்காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வரும் அந்தத் தாய். கண்ணாடிச் சில்லும் ஊசியும் கிழிப்பது அவள் கையை. நாம் ஒரு நிமிடம் சோம்பியதற்கு அவள் இரத்தம் சிந்த வேண்டுமா?

அந்தக் கைக்கு நகரம் தரும் மதிப்பு என்ன? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மண்டலங்களின் துப்புரவு வேலை தனியாரிடம் போவதை எதிர்த்தார்கள். வேலை நிலைக்க வேண்டும், வாங்கிய ஊதியம் குறையக் கூடாது என்று கேட்டார்கள். நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நாளைக்கு எந்த விஞ்ஞான முறை வந்தாலும், குப்பையை முதலில் தொடப் போவது அந்தக் கைகள்தாம். அவர்கள் நிலை உறுதியாக இல்லாமல் பிரிப்பு நடக்காது. பிரிப்பு நடக்காமல் புழு வாழாது.

கண்டிராக்ட் முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லாரி எடை மேடையில் ஏறும்போது இத்தனை டன் என்று எழுதி, டன்னுக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்தால், கல்லும் மண்ணும் தண்ணீரும் கூடப் பணமாகும். உள்ளே போனதற்கு மட்டும் கூலி. வெளியே என்ன வந்தது என்று கேட்பாரில்லை. புழு தின்றதா, லாரி பின்வாசல் வழியே வேறு மேட்டுக்குப் போயிற்றா? ஆகவே வந்த எடை, வந்த புழு, வந்த எரு, மிஞ்சிய சக்கை இந்த நான்கையும் நாள்தோறும் பலகையில் எழுதி ஆலை வாசலில் தொங்கவிட வேண்டும். மடியில் கனமில்லாதவர் இதற்கு ஏன் மறுக்கப் போகிறார்?

முதலில் மனிதன்

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதே உலகில் பட்டினி கிடந்தவர்கள் 78 கோடிக்கும் மேல். நல்ல சோறு மீந்தால் அது முதலில் மனிதனுக்கு, பிறகு மாட்டுக்கு, யாருக்கும் ஆகாதது புழுவுக்கு. கல்யாண மண்டபத்தில் அண்டா அண்டாவாகக் கொட்டிவிட்டு, "புழு தின்றுவிடும், கவலையில்லை" என்று கை கழுவுவது நாகரிகமல்ல.

நாம் என்ன செய்யலாம்? நகருக்கு வெளியே ஒரே இடத்தில் பெரும் ஆலை கட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குப்பை கலப்பதே நெடுந்தூரப் பயணத்தில்தான். காய்கறிச் சந்தை, மாணவர் விடுதி, தொழிற்சாலைக் கேண்டீன் இங்கெல்லாம் கழிவு ஒரே வகையாக, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சேருகிறது. புழு முறைக்கு ஏற்ற இடங்கள் இவையே. 10 தட்டில் தொடங்கலாம், தவறினால் திருத்தலாம்.

தொழிற்சங்கத் தோழர்கள் நாளைக்கே தங்கள் கேண்டீனின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இலையும் சோறும் காகிதக் கோப்பையும் ஒரே தொட்டியில் கிடக்கிறதா? நிர்வாகத்திடம் இரண்டு தொட்டி கேளுங்கள். அதைச் சுமக்கிற தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் கேளுங்கள். அவரையும் சங்கத்தில் சேருங்கள். மூன்று கோரிக்கை, மூன்றும் நியாயமானவை.

சிப்பாய்ப் புழு தன் வேலையைச் செய்யக் காத்திருக்கிறது. அது சம்பளம் கேட்காது. ஆனால் அதற்குத் தீனியைப் பிரித்துக் கொடுக்கும் தொழிலாளி கேட்பார், கேட்க வேண்டும். அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பிறகு புழுவின் புகழைப் பாடட்டும் நகரசபைகள்!