குளிர்ந்தால் உலோகமாகும் கறுப்புப் பொடி!

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களில் ‘மருந்து’ என்றால், குச்சியின் தலையில் முக்கும் கலவைதான். பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசையோடு மாங்கனீசு டை ஆக்ஸைடும் அதில் சேர்வதுண்டு. பழைய டார்ச் பேட்டரியைப் பிரித்தால் விரலெல்லாம் ஒட்டுமே, அதே கறுப்புப் பொடி. இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. ஐம்பது வருடங்களுக்கு மேல் இயற்பியலாளர்களைத் திணறடித்தவன்.

பெயர், லாந்தனம் மாங்கனைட். சுத்தமாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. லாந்தனத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கால்சியத்தை வைத்தால் கதையே மாறுகிறது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அருகே குளிர்ந்ததும், அது காந்தமாகிறது. கூடவே உலோகம்போல மின்சாரத்தையும் விடுகிறது. கரிசல்காட்டு ஆட்களுக்கு இது பெரிய ஆச்சர்யமாக இருக்காது. சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண்தான், ஐப்பசி மழையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

1950-ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கரும் வான் சான்டனும் இதைக் கண்டார்கள். மறு வருடமே கிளாரன்ஸ் ஜீனர் காரணம் சொன்னார். கால்சியம் நுழைந்ததும் சில மாங்கனீசு அணுக்களில் ஓர் எலக்ட்ரான் இடம் காலியாகிறது. நிரம்பி வழியும் டவுன் பஸ்ஸில் ஒரு சீட் காலியானால்தானே யாராவது இடம் மாற முடியும்? ஆனால், இங்கே ஒரு நிபந்தனை: பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்தத் திசை ஒன்றாக இருந்தால்தான் எலக்ட்ரான் சுலபமாகத் தாவும். சூட்டில் திசைகள் கலைந்து கிடக்கும். குளிர்ந்தால் வரிசைக்கு வரும், வழி திறக்கும்.

வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டியும் வரிசைப்படுத்தலாம். 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இப்படி மின்தடையை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைத்தார்கள். ஹார்டு டிஸ்க்கே மாறப்போகிறது என்று உலகம் பரபரத்தது. மாறவில்லை. அதற்குக் கடுங்குளிரும் 6 டெஸ்லா காந்தப்புலமும் வேண்டியிருந்தன. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனரிலேயே பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான்!

கணக்கும் முழுதாக ஒத்துவரவில்லை. ஜீனர் சொன்ன காரணம் மட்டும் இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் போதாது. பெங்களூரில் சி.என்.ஆர்.ராவ் குழுவினர் 1990-களில் இந்த ஆக்ஸைடுகளை விதவிதமாகச் செய்து அளந்துகொண்டிருந்தார்கள். அதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2004-ல் ஒரு விளக்கம் வந்தது. சென்னையில் பிறந்த டி.வி.ராமகிருஷ்ணன், எச்.ஆர்.கிருஷ்ணமூர்த்தி உள்ளிட்ட நால்வர் எழுதியது. உள்ளே இரண்டு வகை எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்றார்கள். ஒரு வகை, தன்னைச் சுற்றியிருக்கும் ஆக்சிஜன் கூட்டை நெளித்து, அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். இன்னொன்று ஓடும். ஓடுபவை கொஞ்சம்தான். காந்த வரிசை கலைந்தால் அந்தக் கொஞ்சத்துக்கும் பாதை அடைபட்டுவிடுகிறது.

டிஸ்க் கனவு போனாலும் பொருள் வீணாகவில்லை. கால்சியத்துக்குப் பதில் ஸ்ட்ரான்சியம் சேர்த்த மாங்கனைட், 800 டிகிரி சூட்டில் இயங்கும் திட ஆக்ஸைடு எரிபொருள் கலங்களில் மின்முனையாக வேலை செய்கிறது.