கைம்மைப் பாடல்களில் தோழி எங்கே?

சங்க அகப்பாடல்களில் தலைவியின் துயரை முதலில் அறிபவள் தோழி. தலைவன் இறந்துவிட்டால் அவளைக் காணோம். புறநானூறு 246-இல் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, தீப்பாய்வதைத் தடுக்கும் சான்றோரோடு தனித்து வாதிடுகிறாள். 256-இல் பெயரறியா ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். இருவர் அருகிலும் தோழி இல்லை. கணவனை இழந்தவளின் நோன்புக்குத் 'தாபத நிலை' எனப் பெயரிட்ட தொல்காப்பியமும் அவளுடைய நட்புக்குப் பெயரிடவில்லை.

இதைப் புலவர் மரபு என்று கடந்துவிடலாம். ஆனால் சீர்திருத்த வரலாற்றை எழுதுவோரும் அதே வழியில்தான் நடக்கிறார்கள். 1856-ஆம் ஆண்டு மறுமணச் சட்டத்துக்கு ஓர் இயல். கல்விக்கு ஓர் இயல். உதவித்தொகைக்கு ஓர் இயல். பண்டித ரமாபாய் 1889-இல் மும்பையில் தொடங்கிய சாரதா சதனும், சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் நடத்திய கைம்பெண்கள் இல்லமும் கல்வி இயலோடு முடிந்துவிடுகின்றன. சுப்புலட்சுமிக்குத் தோள்கொடுத்தவர், அவரைப் போலவே இளமையில் கணவரை இழந்த சித்தி வாலாம்பாள். பார்ப்பனப் பெண்களுக்கு மட்டுமே திறந்த கதவு என்ற குறை அவ்வில்லத்துக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், கைம்பெண் எதிர்ப்பட்டால் சகுனத்தடை என்று ஊர் ஒதுங்கிய நாளில், அங்கே அவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தார்கள். அவர்களை மீட்டதில் பாடநூலுக்குள்ள பங்கு இதற்கும் உண்டு.

பழங்கதை என்போர் மும்பை ஆண்டாப் ஹில்லில் உள்ள மத்திய அரசு ஊழியர் குடியிருப்பை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே வீடு பணியாளருக்கு உரியது. அவர் இறந்தால், விதி தரும் அவகாசம் முடிந்ததும் குடும்பம் வெளியேற வேண்டும். குடும்ப ஓய்வூதியம் மனைவியைப் பின்தொடரும். எதிர்வீட்டுப் பெண் பின்தொடர மாட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ரயிலேறிய பின்னும் குழம்புக் கிண்ணத்தோடு வந்து உட்காருபவள் அவள். இந்தி பேசத் தயங்குபவளுக்கு வங்கிவரை துணை வருபவளும், இறந்தவரைப் பற்றித் தமிழிலேயே பத்தாவது முறை சொன்னாலும் கேட்பவளும் அவளே. அவளைப் பிரிவது இரண்டாவது இழப்பு. எந்தக் கோப்பிலும் அதற்குப் பத்தி இல்லை.

கோப்பில் இல்லாதது வியப்பன்று. ஆய்வேட்டில் இல்லாததே வெட்கம். கைம்மையை ஆய்பவர்கள் மகன், சொத்து, வருமானம் என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நள்ளிரவில் அழுகை வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் கதவைக் காக்க வீட்டு ஒதுக்கீட்டு விதியில் என்ன மாற்றம் தேவை என்று அதன் பிறகே பேச முடியும்.