மரம் வெட்ட யாரை அழைப்பது?



2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் சேதமடைந்தன. மோனோரயில் சேவையும் தடைப்பட்டது. அதன் பிறகு தலைநகரின் அபாய மரங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு நிற்கும் மரங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

கிள்ளானில் எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அம்மா, வேலியோரம் நின்ற பழைய மாமரத்தை வெட்ட ஆள் வைத்தார். லோரியில் இருவர் வந்தார்கள். காலில் சிலிப்பர், தலைக்கவசம் கிடையாது, இடுப்பில் கயிறும் இல்லை. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஒருவர் செயின்சாவோடு ஏறிவிட்டார். உச்சியை மொட்டையடித்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆபத்து அப்படியே நிற்கிறது. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. அவை பெருத்த பிறகு ஒரு மாலைப் புயல்மழை போதும், முறிந்து விழ.

வீட்டருகே உள்ள பெரிய மரத்தை அடியில் அறுத்துச் சாய்க்கக் கூடாது. மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். உளுத்த மரம் என்றால் ஏறவே கூடாது, கிரேன் வேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் முதலில் மின் நிறுவனமான தெனாகா நேஷனலுக்குச் சொல்ல வேண்டும். இதெல்லாம் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. ஆனால் அவர்களை எங்கே தேடுவது? மின்கம்பத்தில் ஒட்டிய விளம்பரத்தில் இருக்கும் கைப்பேசி எண்தான் சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைக்கிறது.

சட்டமோ கறாராக இருக்கிறது. சிலாங்கூருக்கும் பொருந்தும் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் அனுமதியின்றி வெட்ட முடியாது. பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கும் விலக்கு உண்டு. அந்த ஆபத்தை வீட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மரங்களைக் காக்கும் இச்சட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அனுமதி வாங்கு என்று சொல்லும் மன்றத்துக்கு, தகுதியான ஆள் யார் என்று காட்டும் கடமையும் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்லா மன்றங்களும் பயிற்சியும் காப்புறுதியும் உள்ள மரம் வெட்டுவோர் பட்டியலைத் தமிழிலும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் இத்தனை நாளுக்குள் அதிகாரி வந்து பார்ப்பார் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். வசதி குறைந்தோருக்குச் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுக்கும் முன் காப்புறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். காட்டாதவரை மரத்தில் ஏற விடாதீர்கள்.

இப்படிக்கு,
கிள்ளான் வாசகர்