பெயரைக் கேட்காமல் கேளுங்கள்

கரோனா இரண்டாம் அலையின்போது, நான் நர்ஸாக இருந்த மருத்துவமனையில் எங்கள் மனநிலையை அறிய வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. முதல் கேள்வி பெயர். இரண்டாவது பணியாளர் எண். மூன்றாவது, 'மன அழுத்தம் உள்ளதா, ஆம்/இல்லை'. பிபிஇ கிட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நின்றுவிட்டு வந்த எங்கள் வார்டுக்காரர்கள் எல்லோரும் 'இல்லை' என்று தட்டிவிட்டோம். தொகுப்பூதியத்தில் இருப்பவர் வேறென்ன சொல்வார்?

பணிச்சோர்வை ஒழுங்காக அளக்க வழி இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் உருவாகி 2005-இல் வெளியான கோபன்ஹேகன் கேள்வித்தாளுக்குக் காசு கிடையாது. 19 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் பதில், 0 முதல் 100 வரை மதிப்பெண். ஒரே சோர்வைப் பல பக்கத்திலிருந்து விசாரிப்பதால், பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

2020-இல் இந்தியாவில் 2,026 மருத்துவப் பணியாளர்களிடம் இந்தக் கேள்வித்தாளையே சற்று மாற்றி, அதிலுள்ள நோயாளிகளைப் பற்றிய பகுதிக்குப் பதில் தொற்றுக்காலத்தைப் பற்றிக் கேட்டார்கள். பொதுவான உடல், மனச் சோர்வு 44.6 சதவீதம் பேருக்கு. வேலையால் வந்த சோர்வு 26.9 சதவீதம்தான். தொற்றுக்காலச் சோர்வோ 52.8 சதவீதம்! எனக்கு இதில் வியப்பில்லை. ஊசியும் சலைனும் எங்களுக்குப் பழகியவை. வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம்தான் ஆளை உருக்கியது. அப்படிப்பட்டவருக்குத் தேவை தனியாகத் தங்க ஓர் அறை. எங்களுக்குக் கிடைத்ததோ யோகா வகுப்பு. ஒற்றைக் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆராய்ச்சியாளர்களும் ஆளுக்கொரு முழக்கோல் வைத்திருப்பவர்கள்தாம். மருத்துவர்களின் பணிச்சோர்வு பற்றிய 182 ஆய்வுகளை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, குறைந்தது 142 விதமான வரையறைகள் அகப்பட்டன. சோர்ந்தவர்களின் கணக்கு 0-இலிருந்து 80.5 சதவீதம்வரை எங்கெங்கோ நின்றது. ஆகவே 'பாதிப் பேருக்குச் சோர்வு' என்று செய்தி வந்தால், எந்தக் கேள்வித்தாள் என்று முதலில் கேளுங்கள்.

பணிச்சோர்வு நோயல்ல, பணியிடத்தைச் சார்ந்த நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாடு. பிறகு நர்ஸின் பெயர் எதற்கு? வார்டின் பெயர் போதும். ஐந்து பேர் மட்டுமே இருக்கும் வார்டை இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

மருத்துவமனை நிர்வாகிகளே, சோதித்துப் பார்த்த கேள்வித்தாளைத் தமிழில் கொடுங்கள். அதை வாங்கி எண்ணும் வேலையை வெளியாரிடம் விடுங்கள். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல், இந்த ஆண்டே தொடங்குங்கள்.