வரவேற்கப் போகிறவர்கள் வீட்டிலேயே இருங்கள்



டிசம்பர் வருகிறது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் டிக்கெட் போட்டுவிட்டார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஏர்போர்ட்டுக்கு யார் யார் போறோம், என்ன வண்டி சொல்றது" என்று இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. நான் நங்கநல்லூரில் குடியிருப்பதால் ஏர்போர்ட் என்றாலே எல்லோரும் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். 30 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அது பழக்கம்தான்.

என் கருத்து இதுதான். மீனம்பாக்கத்தில் இறங்கும் ஒரு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்ப்பதில் பெரிய இடைஞ்சல் டிராபிக்கும் இல்லை, டாக்சி வாடகையும் இல்லை. அழைத்து வரப் போகும் நம் கூட்டம்தான்.

நம்பாதவர்கள் பென்சில் எடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களில் பலருடைய டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி உண்டு. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஆக 8 பெரிய பெட்டி, 184 கிலோ. கையில் கொண்டு வரும் சின்னப் பெட்டி ஆளுக்கு 7 கிலோ என்று வைத்தாலும் இன்னொரு 28. மொத்தம் 212 கிலோ. முதுகுப் பைகளை நான் சேர்க்கவே இல்லை. துபாய், குவைத் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு எடை கொஞ்சம் குறைவு, ஆனால் உருவம் பெரிது. நாலு பக்கமும் மார்க்கரில் பெயர் எழுதி நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வரும், கம்பளி வரும், சில சமயம் டிவியும் வரும்.

இந்த நாலு பேரை அழைத்து வர நாம் என்ன செய்கிறோம்? ஒரு ஏழு சீட்டு வண்டியைப் பிடித்து, டிரைவர் போக ஆறு பேர் ஏறிப் போகிறோம். போகும்போதே வண்டி நிறைந்துவிட்டது. திரும்பும்போது 10 பேர், 12 பெட்டி. இதற்கு விடை கண்டுபிடிக்க அல்ஜீப்ரா வேண்டியதில்லை.

ஏழு சீட்டு என்ற சொல்லே பெரிய ஏமாற்று. எர்டிகாவோ இன்னோவாவோ, கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் அதன் பின்னால் மிஞ்சும் இடத்தில் ஒன்றிரண்டு கைப்பெட்டிதான் நிற்கும். அந்த வரிசையை மடக்கினால் பெட்டி வைக்கலாம். ஆனால் டிரைவரைத் தவிர நாலு பேர்தான் உட்கார முடியும். சின்னக் கார்களில் இன்னொரு சங்கடம். இப்போது ஓடும் வாடகை கார்களில் நிறைய சிஎன்ஜி வண்டிகள். டிக்கியைத் திறந்தால் சிலிண்டர் படுத்திருக்கும். அதன் மேல் ஒரு பெட்டி வைத்தால் மூட வராது. மீதிப் பெட்டி முன் சீட்டுக்கு வரும், முன் சீட்டில் உட்கார வேண்டியவர் பின்னால் வருவார், பின்னால் இருக்கும் குழந்தை யார் மடியிலாவது ஏறும்.

அதனால் வண்டி சொல்லும்போது எத்தனை ஆள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பெட்டி, எவ்வளவு பெரியது என்று சொல்லுங்கள். டிக்கியில் சிலிண்டர் இருக்கிறதா, மேலே கேரியர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேரியர் இருந்தால் கயிறும் தார்ப்பாயும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நவம்பர், டிசம்பர் சென்னையில் மழைக்காலம். கடல் தாண்டி நனையாமல் வந்த துணிமணி கத்திப்பாராவில் நனைந்தால் எப்படி இருக்கும்? 8 பெரிய பெட்டி என்றால் என் கணக்கில் 12 சீட்டு டெம்போ டிராவலர்தான் சரி. பின் சீட்டுகளில் பெட்டியை அடுக்கிவிட்டு, குடும்பமும் அழைக்கப் போன ஒன்றிரண்டு பேரும் காலை நீட்டிக்கொண்டு வரலாம். இரண்டு மூன்று காராகப் பிரித்து ராத்திரி 2 மணிக்கு "நீங்க எங்க இருக்கீங்க, நாங்க எங்க இருக்கோம்" என்று போனில் கத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

இடம் பற்றாதபோது யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மாப்பிள்ளைக்கு முன் சீட்டு. பெரியப்பா, சித்தப்பாக்களுக்கு நடு வரிசை. 70 வயது அம்மா குனிந்து, சீட்டைப் பிடித்து, முழங்காலை மடக்கிக் கடைசி வரிசைக்குள் நுழைவாள், அவள் மடியில் ஒரு பையும் இருக்கும். "எனக்கு என்னப்பா, எங்க வேணா உக்காந்துக்குவேன்" என்று அவளே சொல்லிவிடுவதால் யாருக்கும் உறுத்துவதில்லை. 20 மணி நேரம் உட்கார்ந்தே வந்து கால் வீங்கிப்போன மருமகள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் சாய்ந்திருப்பாள். பேரப்பிள்ளையைப் பெட்டிகளின் மேலேயே உட்கார வைத்துக் கூட்டி வருகிறவர்களும் உண்டு. வண்டி ஒரு பிரேக் போட்டால் 23 கிலோ பெட்டி என்ன செய்யும் என்பதை எட்டாம் வகுப்பு அறிவியல் படித்த எவரும் சொல்லலாம்.

இன்னொன்று. ஊரிலிருந்து வேன் பிடித்து வருகிறார்களே, அந்த வாடகையை யார் கொடுக்கிறார்கள்? வந்து இறங்கும் பிள்ளைதான். டீசல், டோல், டிரைவர் படி, வழியில் எட்டுப் பேருக்கு டிபன், எல்லாம் அவன் தலையில். "ஆசையா கூப்பிட வந்திருக்காங்க, எப்படி வேண்டாம்னு சொல்றது டீச்சர்" என்று என்னிடம் சொன்ன பிள்ளைகள் ஒருவர் இருவர் இல்லை. அவர்களுக்குச் சொந்தக்காரர்களிடம் சொல்ல வாய் வராது. எனக்கு வருகிறது, சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவன் எல்லாம் பணத்தில் புரளுகிறான் என்று நினைக்காதீர்கள். நாலு பேருக்கு டிசம்பர் டிக்கெட் போட்ட வீட்டில் அடுத்த சில மாதம் கையைக் கட்டித்தான் இருக்க வேண்டும்.

"பெத்தவளுக்கு ஆசை இருக்காதா அக்கா" என்று என் தங்கை கேட்டாள். இருக்கும். நான் ஆசைக்கு எதிரி இல்லை. ஒரு காலத்தில் தெருவில் ஒருவர் வெளிநாடு போனால் அது தெருவுக்கே விசேஷம். மாலையோடு போனோம், மாலையோடு கூட்டி வந்தோம். அப்போது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை முகம் பார்த்தோம். இப்போது தினமும் வீடியோ காலில் குழம்பு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவும் தவிர, அழைக்கப் போகிறவர்கள் வெளியே தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். விமானம் தரை தொட்டு, இமிகிரேஷன் முடிந்து, பெட்டி வந்து, கஸ்டம்ஸ் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம் சர்வ சாதாரணம். அந்த நேரமெல்லாம் சர்க்கரையும் மூட்டு வலியும் உள்ள ஒருத்தி நின்றுகொண்டிருப்பதில் என்ன பாசம் வாழ்கிறது? அவள் வீட்டில் இருந்து ஒரு ரசம் வைத்து, கெய்சரைப் போட்டு, படுக்கை விரித்து வைத்தால் வந்த பிள்ளை அதற்குத்தான் ஏங்கிப்போய் வருவான். கட்டாயம் போயே தீருவேன் என்று அம்மா சொன்னால் அம்மா போகட்டும். கூட ஒரு இளவட்டம் போகட்டும். அத்தோடு போதும்.

நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன்.

ஆப்பில் கூப்பிடும் கார்கள் வருகை வாசல் வரை வருவதில்லை. பல அடுக்கு பார்க்கிங் கட்டடத்துக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அந்தக் கட்டடம் 2022 கடைசியில் வந்தது. வாசலில் நெரிசல் குறைய வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோளில் பையோடு வரும் ஒற்றை ஆளுக்கும், நாலு டிராலியும் இரண்டு முதியவர்களும் ஒரு கைக்குழந்தையுமாக வரும் குடும்பத்துக்கும் ஒரே விதி என்பது எனக்கு ஒப்பவில்லை. பெரிய குழுக்களும் முதியவர்களும் ஏற வாசலை ஒட்டியே ஒரு தனி இடம் விட வேண்டும். அது வரும்வரை, நடக்க முடியாதவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டு வையுங்கள். வெளியே வந்ததும் பேட்டரி கார் இருக்கிறதா என்று விசாரியுங்கள். டிரைவரிடம் எந்தக் கட்டடம், எத்தனையாவது தளம் என்று கேட்டுவிட்டு டிராலியைத் தள்ளுங்கள். பன்னாட்டு விமானங்கள் 2023லிருந்து புதிய முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய ஞாபகத்தில் போய் வேறு வாசலில் நிற்காதீர்கள். வருகிறவருடைய வெளிநாட்டு நம்பரில் இங்கே உடனே ஆப் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். வண்டியை இங்கிருக்கும் யாராவது போட்டு, வண்டி எண்ணையும் டிரைவர் நம்பரையும் அனுப்பிவிடுங்கள்.

பகலில் இறங்குகிறவர்களுக்கு மெட்ரோ ஒரு வரம். 2016 செப்டம்பரிலிருந்து ஏர்போர்ட்டிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. காலை 5 முதல் இரவு 11 வரை வண்டி. கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, சென்ட்ரல் எல்லாம் நேர் வழி. வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம் போகிறவர்கள் ஆலந்தூரில் மாற வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் ஆளுக்கு 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் டிராலி உங்களோடு ரயிலில் வராது. இறங்கும் ஸ்டேஷனில் பெட்டி உங்கள் கையில்தான். அதனால் நான் சொல்வது, குழுவை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய பெட்டிகளோடு இரண்டு பேர் ஒரு வண்டியில். கைவீசி நடக்கக்கூடிய மற்றவர்கள் மெட்ரோவில். பெரும்பாலும் மெட்ரோக்காரர்கள்தான் முதலில் வீடு சேருவார்கள். காசி, ஷீரடி என்று கூட்டமாகப் போய் ஆளுக்கு ஒரு பையோடு திரும்புகிறவர்களுக்கு வேனே வேண்டாம். மாம்பலம், எழும்பூர் போகிறவர்கள் ஜிஎஸ்டி ரோட்டின் அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலும் ஏறலாம், படி ஏறி இறங்கத் தெம்பு இருந்தால்.

ஆனால் நம் பிள்ளைகள் வரும் விமானங்களில் பல நடுராத்திரியில்தான் இறங்குகின்றன. மெட்ரோ அப்போது தூங்குகிறது. வேன்தான் கதி.

தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து தென் மாவட்டங்களுக்கான அரசுப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அது ஏர்போர்ட்டுக்குத் தெற்கே, வண்டலூர் தாண்டி இருக்கிறது. கோயம்பேடு போய் நின்றால் எதிர்த்திசை. ஏர்போர்ட்டிலிருந்து அங்கே இன்னும் மெட்ரோ கிடையாது. பெட்டி அதிகம் என்றால் டாக்சிதான். இறங்கிய ராத்திரியே காரில் ஊருக்குப் புறப்படுகிறவர்களைப் பற்றி எனக்கு உள்ளூரப் பயம். காலை செய்தியைப் பிரித்தால் "விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பிய குடும்பம்" என்ற வரியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். அந்த டிரைவர் முந்தின நாள் மத்தியானம் ஊரிலிருந்து கிளம்பியிருப்பார், ஏர்போர்ட்டில் கண் விழித்துக் காத்திருந்திருப்பார். வண்டிக்குள் எல்லோரும் தூங்கிவிட, அவர் மட்டும் தூங்கக் கூடாது என்றால் எப்படி? சென்னையில் யார் வீட்டிலாவது படுத்துவிட்டு விடிந்து போங்கள். ஒருவரும் இல்லை என்றால் நான் இருக்கிறேன், மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. உள்ளூர் டிரைவராக இருந்தாலும் விமானம் இறங்கும் நேரத்துக்கே வரச் சொல்லாதீர்கள். முக்கால் மணி நேரம் கழித்து வரச் சொன்னால் அவருக்கும் கொஞ்சம் தூக்கம், உங்களுக்கும் பார்க்கிங் காசு மிச்சம்.

எங்கள் குடும்பத்துக்கான அறிவிப்பு: அண்ணன் மகள் குடும்பம் இந்த மாதம் 20ஆம் தேதி விடியற்காலை வருகிறது. நாலு பேர், 7 பெட்டி. டெம்போ டிராவலர் சொல்லியாகிவிட்டது, கேரியரோடு. தம்பி மகன் ஒருவன் மட்டும் போகிறான். மற்ற எல்லோரும் மறுநாள் 21ஆம் தேதி மத்தியானம் 12 மணிக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல், பால் பாயசம். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று 18ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள், இலை வாங்க வேண்டும்.